சர்க்கரை நோயில் ஏற்றமும் இறக்கமும்

ஏரி நிரம்பினால் ஊர் மகிழும். கரை உடைந்தால் அதே ஊர் கலங்கும். ஏரி வற்றினாலோ பயிர் கருகும். நீர் மிகாமலும் குறையாமலும் இருக்க வேண்டும் என்பதற்காகவே நம் முன்னோர் மதகும் கலங்கலும் அமைத்தனர். அவற்றை நேரமறிந்து திறக்கவும் அடைக்கவும் ஒருவரை நியமித்தனர். கம்புகட்டி என்றும் நீர்க்கட்டி என்றும் அவரை நம் ஊர்களில் அழைப்பர். அவர் ஒரு நாள் கண் அயர்ந்தாலும் ஊருக்குத் தீங்கு நேரும்.

நமது இரத்தத்தில் கலந்துள்ள சர்க்கரையும் இத்தகைய ஏரி நீரேயாகும். அது மிகுந்தாலும் கேடு, குறைந்தாலும் கேடு. மிகுதியால் வரும் கேட்டைப் பற்றி இன்று ஊரில் பலரும் பேசுகின்றனர். குறைவால் வரும் கேட்டை அறிந்தவர் சிலரே. அந்தக் குறைவோ, பெரும்பாலும் நோய்க்கு ஒழுங்காக மருந்து உட்கொள்பவர்களையே தாக்குகிறது. ஆகவே, மருந்து உட்கொள்ளும் காலத்தில் இரத்தச் சர்க்கரையின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் எவ்வாறு அறிவது, எவ்வாறு சமாளிப்பது என்பதை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் தெளிவாக அறிந்துகொள்ளும் பொருட்டு இங்கு விளக்க முற்படுகிறோம்.

மாறிய வாழ்வும் பெருகிய நோயும்

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரம் ஒரு காலத்தில் ஏரிப் பாசன வேளாண்மையையே நம்பி வாழ்ந்தது. 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1964-ல் அம்பத்தூரில் தொழிற்பேட்டை அமைந்தது. 2011-ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது; 2019-ல் ஆவடி தானே ஒரு மாநகராட்சியாயிற்று. ஒரே குடும்பத்தில் தந்தை வயலுக்குச் செல்கிறார்; மகன் இரவு முறை வேலைக்குச் செல்கிறான். உழைப்பு மாறியது, உறங்கும் நேரம் மாறியது, உண்ணும் நேரமும் மாறியது. இம்மாறுதல்களோடு நோயும் வந்து சேர்ந்தது.

டாக்டர் அ. இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றியோரும் நடத்திய ஆய்வொன்று 2008-ல் வெளியாயிற்று. பெரியவர்களில் நீரிழிவு உடையோர் சென்னை மாநகரில் நூற்றுக்கு 18.6 பேர், காஞ்சிபுரம் நகரில் 16.4 பேர், நகரை அடுத்துள்ள கிராமங்களில் 9.2 பேர் என்று அது கண்டது. நகரம் நெருங்க நெருங்க நோயும் நெருங்குகிறது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரும் ஆய்வு, நாடு முழுவதிலும் சுமார் 10 கோடிப் பேருக்கு, அதாவது பெரியவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு மேல், இந்நோய் இருப்பதாகக் கணித்தது. இது பணக்காரர் நோய் என்று கூறி ஒதுக்கிவிடும் காலம் சென்றுவிட்டது.

மதகு திறக்கும் சாவி

நாம் உண்ணும் சோறு, களி, கிழங்கு ஆகியவற்றில் உள்ள மாவுச்சத்து வயிற்றில் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. மழைநீர் ஏரிக்கு வருவது போன்றது இது. ஏரியில் நீர் இருந்தால் மட்டும் பயிர் விளையாது. மதகு திறந்து வயலுக்குப் பாய வேண்டும். உடலில் தசைகளே வயல்கள். மதகைத் திறக்கும் சாவி இன்சுலின். வயிற்றின் பின்புறம் அமைந்துள்ள கணையம் என்னும் உறுப்பு இதைச் சுரக்கிறது.

இன்சுலின் போதாவிடில், அல்லது சுரந்தும் அது சரிவர வேலை செய்யாவிடில், இரத்தத்தில் சர்க்கரை தேங்குகிறது. ஏரி தளும்புகிறது, வயலோ காய்கிறது. நிறைய உண்டும் நோயாளி சோர்ந்து மெலிவதன் காரணம் இதுவே. தேங்கிய சர்க்கரை கலங்கல் வழியே வெளியேறுவது போலச் சிறுநீரில் வெளியேறுகிறது. அதனுடன் நீரும் செல்வதால் தாகம் மிகுகிறது.

இந்நோய்க்கான மருந்துகள் பல வழிகளில் மதகைத் திறக்க உதவுகின்றன. ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. அன்று மழை பெய்ததா இல்லையா என்பதைக் கம்புகட்டி கண்ணால் பார்த்தறிவார். விழுங்கிய மாத்திரைக்கும் போட்டுக்கொண்ட ஊசிக்கும் அந்தக் கண் கிடையாது. வீட்டுப் பானையில் சோறு உண்டா இல்லையா என்பது அவற்றுக்குத் தெரியாது. உணவு வந்தாலும் வராவிட்டாலும் அவை தம் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும். வரத்து இல்லாத நாளில் மதகைத் திறந்து வைத்தால் ஏரி வற்றுவது போல, இரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடுகிறது. உணவு, உழைப்பு, மருந்து என்னும் மூன்றும் ஒரு நுகத்தில் பூட்டிய மாடுகள் போல இணைந்து செல்ல வேண்டும். ஒன்று முந்தினாலும் பிந்தினாலும் வண்டி சாயும்.

அறிய வேண்டிய எண்கள்

100 மில்லி லிட்டர் இரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் சர்க்கரை உள்ளது என்று கணக்கிடுவது வழக்கம். நோயற்றவருக்கு வெறும் வயிற்றில் அது 70 முதல் 99 வரை இருக்கும். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு எனப்படும். மருந்து உட்கொள்ளும் பெரும்பாலோருக்கு உணவுக்கு முன் 80 முதல் 130 வரையிலும், உணவுக்குப் பின் 180-க்குள்ளும் இருப்பது நலம். முதியோருக்கும் பிற நோய் உள்ளவர்களுக்கும் மருத்துவர் இவ்வெல்லையைச் சற்றுத் தளர்த்துவார்.

70-க்குக் கீழ் இறங்கினால் அது தாழ்வு; உடனே கவனிக்க வேண்டும். 54-க்குக் கீழ் இறங்கினால் ஆபத்து. இவற்றோடு எச்பிஏ1சி என்னும் சோதனையும் உண்டு. அது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி நிலையைக் காட்டும். பெரும்பாலோருக்கு அது 7 சதவீதத்துக்குள் இருத்தல் நன்று.

விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துக் குளுக்கோமீட்டர் என்னும் சிறு கருவியால் வீட்டிலேயே சோதிக்கலாம். சோதிக்கும் முன் கையைக் கழுவித் துடைக்க வேண்டும். வெல்லத்தையோ பழத்தையோ தொட்ட விரலில் சோதித்தால், இல்லாத சர்க்கரையைக் கருவி இருப்பதாகக் காட்டும். அதை நம்பி மருந்தைக் கூட்டினால் விபரீதம் நேரும்.

தாழ்வு வரும் விதம்

ஒரு விவசாயியை நினைத்துக்கொள்வோம். காலையில் வழக்கமான மாத்திரையை விழுங்குகிறார். மின்சாரம் வந்துவிட்டது, தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று ஒரு குவளைக் காப்பியோடு வயலுக்கு விரைகிறார். வேலை முடியவில்லை, வெயில் ஏறுகிறது, பதினொரு மணியாகியும் சாப்பாடு வரவில்லை. உடல் வியர்க்கிறது, கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. பிறகு பேச்சுக் குழறுகிறது, காரணமின்றிக் கோபம் வருகிறது, நடை தள்ளாடுகிறது. வரப்பில் சாய்ந்துவிடுகிறார். வழியே செல்பவர், “குடித்துவிட்டுக் கிடக்கிறார்” என்று ஒதுங்கிச் செல்கிறார். மற்றொருவர் காத்துக் கருப்பு என்கிறார். வேறொருவர், “சர்க்கரைக்காரர், இனிப்புக் கொடுத்துவிடாதீர்கள்” என்று தடுக்கிறார். இம்மூவரில் எவரும் தீயவர் அல்லர், மூவரும் அறியாதவர். அந்த அறியாமையால் ஓர் உயிர் போகக்கூடும். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையால் அவ்வுயிரைக் காத்திருக்க முடியும்.

தாழ்வில் முதலில் தவிப்பது மூளையே. மூளை தனக்கென்று சர்க்கரையைப் பெரிதாகச் சேமித்து வைப்பதில்லை. இரத்தம் கொண்டுவருவதை அவ்வப்போது எடுத்துக்கொள்கிறது. வரத்துக் குறைந்ததும் அறிவு மங்குகிறது. தமக்கு உதவி தேவை என்பதே நோயாளிக்குத் தெரியாமற் போகலாம். ஆகவே அறிகுறிகளை நோயாளியைக் காட்டிலும் வீட்டாரும் உடன் வேலை செய்வோரும் நன்கு அறிந்திருத்தல் அவசியம். உறக்கத்திலும் தாழ்வு வரும். கெட்ட கனவு, வியர்வையில் நனைந்த ஆடை, விடியற்காலையில் தலைவலி ஆகியவை அதன் அடையாளங்கள்.

எல்லா மருந்துகளும் தாழ்வை உண்டாக்குவதில்லை. இன்சுலின் ஊசியும், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளுமே பெரும்பாலும் அதற்குக் காரணமாகின்றன. மெட்பார்மின் மட்டும் உட்கொள்பவர்களுக்குத் தாழ்வு அரிது. தாம் உட்கொள்ளும் மாத்திரை எவ்வகையைச் சேர்ந்தது என்பதை ஒவ்வொருவரும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உணவைத் தாமதித்தல், குறைவாக உண்ணுதல், வழக்கத்துக்கு மிஞ்சி உழைத்தல், மறதியால் மருந்தை இருமுறை உட்கொள்ளுதல் ஆகியவை தாழ்வுக்கு முக்கிய காரணங்கள். சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கு மருந்து உடலில் நெடுநேரம் தங்குவதால் தாழ்வு எளிதில் வரும். மது மற்றொரு காரணம். ஈரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை விடுவித்து உடலைக் காப்பது வழக்கம். மது அதன் கையைக் கட்டிவிடுகிறது. அதனால் குடித்தவர் கீழே கிடந்தாலும், அவர் சர்க்கரை நோயாளியாயின், தாழ்வையும் ஐயுறுதல் வேண்டும்.

தாழ்வுக்கு முதலுதவி

நோயாளிக்கு நினைவு இருந்து, விழுங்கவும் இயலுமாயின், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையையோ குளுக்கோஸ் பொடியையோ நீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். அரை டம்ளர் கரும்புச் சாறும் பயன்படும். கருவி இருந்தால் சோதிக்கலாம். இல்லையேல் சோதனைக்காகக் காத்திருக்கலாகாது. 15 நிமிடம் கழித்தும் தெளிவு பிறக்கவில்லையானால் அதே அளவை மறுமுறை கொடுக்க வேண்டும். தெளிந்ததும் இட்லியோ சோறோ உண்ணச் செய்ய வேண்டும். இல்லாவிடில் மீண்டும் தாழும்.

இளநீரில் சர்க்கரை குறைவு. மோரிலோ மிகக் குறைவு. இவற்றை மட்டும் கொடுத்துவிட்டு இருந்துவிடுதல் கூடாது. பாலும் சாக்லேட்டும் கொழுப்புச் சத்து உடையவை. அவற்றிலுள்ள சர்க்கரை மெல்லவே இரத்தத்தைச் சேரும். வோக்ளிபோஸ், அகார்போஸ் ஆகிய மாத்திரைகளை மற்ற மருந்துகளோடு சேர்த்து உட்கொள்பவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை விரைவில் வேலை செய்யாது. அவர்கள் குளுக்கோஸ் பொடியையே கைவசம் வைத்திருக்க வேண்டும்.

நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. அது மூச்சுக்குழலில் சென்று உயிருக்கே உலை வைக்கும். அவரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, 108 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்து, அவர் சர்க்கரை நோயாளி என்பதைக் கூற வேண்டும். மாத்திரையால் வந்த தாழ்வு தெளிந்த பின்னும் சில மணி நேரத்தில் திரும்ப வரக்கூடும். ஆகவே அன்று அவரைத் தனியே விடுதல் கூடாது. மருத்துவரிடமும் காட்டுதல் வேண்டும். தெளிந்தது முதல் முக்கால் மணி நேரமாவது டிராக்டரோ இருசக்கர வாகனமோ ஓட்டலாகாது. கிணற்றில் இறங்குதலும் ஆகாது.

இன்னொன்றையும் வற்புறுத்திக் கூற விரும்புகிறோம். ஒருமுறை தாழ்வு கண்டு அஞ்சியவர், “மருந்தே வேண்டாம்” என்று நிறுத்திவிடுவதுண்டு. மதகு பழுதென்று ஏரிக் கரையையே வெட்டிவிடுவதற்கு இது ஒப்பாகும். தாழ்வு வந்த நாளையும் நேரத்தையும், அன்று உண்டதையும் செய்த வேலையையும் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டினால், அவர் அளவையோ நேரத்தையோ மாற்றித் தருவார்.

ஏற்றத்தின் தீமைகள்

தாழ்வு சில நிமிடங்களில் தாக்கும். ஏற்றமோ பல ஆண்டுகள் மறைந்திருந்து அரிக்கும். கண், சிறுநீரகம், இருதயம், நரம்பு ஆகிய யாவும் அதனால் கெடுகின்றன. கால் மரத்துப்போனவர் வெறுங்காலுடன் வயலில் நடந்தால் முள் தைத்ததும் தெரியாது; புண் ஆறாமல் காலையே இழக்க நேரிடும். ஆகவே செருப்பு அணிதலும், இரவில் பாதங்களைப் பார்த்தலும், ஆண்டுக்கு ஒருமுறை கண்ணையும் சிறுநீரையும் சோதித்தலும் மருந்தைப் போலவே முக்கியமானவை.

மருந்து உட்கொண்டும் சர்க்கரை ஏறுவதற்குப் பல காரணங்கள் உண்டு. மாத்திரையை இடையிடையே விடுதல் ஒன்று. காய்ச்சல், சீழ்ப்புண் போன்ற தொற்று நோய்கள் மற்றொன்று. மூட்டு வலிக்கும் மூச்சிரைப்புக்கும் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்துகளும் சர்க்கரையை உயர்த்தும். பெயர் தெரியாத பொடிகளை வாங்கி உண்பதில் இந்த அபாயமும் அடங்கியுள்ளது.

உணவைப் பற்றிய சில தவறான எண்ணங்களையும் நீக்க வேண்டும். கேழ்வரகும் கம்பும் சத்துள்ளவை. எனினும் அவற்றிலும் மாவுச்சத்து உண்டு. மென்மையாக அரைத்துக் கூழாக்கி நிறையக் குடித்தால் அவையும் சர்க்கரையை உயர்த்தும். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் ஆகியவை வெள்ளைச் சர்க்கரைக்கு மாற்றாகா. சோற்றைக் குறைத்துக் கீரை, காய், பருப்பு ஆகியவற்றைக் கூட்டுவதே தக்க முறை. பாகற்காயும் நாவற்கொட்டையும் உண்பதற்குத் தடையில்லை. அவற்றை நம்பி மருந்தை நிறுத்துவதுதான் தவறு.

உடல்நலம் குன்றிய நாளில், “சாப்பிடவில்லையே, மருந்து எதற்கு?” என்று பலர் தாமே நிறுத்திவிடுகின்றனர். காய்ச்சல் நாளில் உணவு இல்லாமலே சர்க்கரை ஏறக்கூடும். இன்சுலின் போட்டுக்கொள்பவர், அதிலும் சிறு வயதிலேயே இந்நோய் கண்டவர், அதை அடியோடு நிறுத்தலாகாது. நான்கு மணிக்கு ஒருமுறை சோதித்து, நீரும் கஞ்சியும் அருந்தி, அளவைப் பற்றி மருத்துவரைக் கேட்க வேண்டும். சர்க்கரை 250-க்கு மேல் நின்று, வாந்தி, வயிற்று வலி, ஆழ்ந்த வேக மூச்சு, மூச்சில் அழுகிய பழ வாடை ஆகியவை தோன்றினால் அது கொடிய நிலை. தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். டாபாகிளிப்ளோசின் போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்குச் சர்க்கரை மிக உயராமலே இந்நிலை வரக்கூடும். வாந்தி, பேதி கண்ட நாளில் அவற்றைத் தொடரலாமா என்பதை அவர்கள் உடனே கேட்டறிய வேண்டும்.

ஏற்றத்தைக் கண்டு அஞ்சி மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாக விழுங்குதலும், தாழ்வைக் கண்டு அஞ்சி லட்டும் ஜிலேபியுமாக உண்ணுதலும் ஒரே வகைத் தவறு. ஒன்று மற்றொன்றை இழுத்துவரும். அளவோடு திருத்துவதே அறிவுடைமை.

இன்சுலின் ஊசியில் கவனம்

1921-ல் கனடா நாட்டு டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். அடுத்த ஆண்டு சனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக அது செலுத்தப்பட்டது. அதற்கு முன் சிறு வயதில் இந்நோய் கண்டவர் நெடுநாள் வாழ்ந்ததில்லை. சென்னையில் 1948-ல் ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் மா. விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். இந்நாட்டில் இத்துறையின் முன்னோடி அவர்.

உயிர் காக்கும் இம்மருந்தைக் கையாளுவதில் ஒரு பெரும் தவறு நேர்வதுண்டு. நம் நாட்டில் இன்சுலின் 40 அலகு, 100 அலகு என இருவகைச் செறிவில் கிடைக்கிறது. 40 அலகுக் குப்பிக்குச் சிவப்பு மூடியுள்ள ஊசிக்குழலும், 100 அலகுக் குப்பிக்கு ஆரஞ்சு மூடியுள்ள ஊசிக்குழலும் உரியவை. 100 அலகு மருந்தை 40 அலகுக் குழலில் அதே கோடு வரை எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உடலில் செல்லும்; கடுந்தாழ்வு வரும். கடையில் வாங்கும்போதே குப்பியின் எண்ணையும் குழலின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரே இடத்தில் நாள்தோறும் குத்தினால் தோலின் கீழ்க் கட்டி படியும். அங்கு மருந்து ஒழுங்காகச் சேராது. ஆகவே இடத்தை மாற்றிக்கொண்டே வர வேண்டும். திறக்காத குப்பியைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரி வெப்பத்தில் வைக்க வேண்டும், உறைய விடலாகாது. குளிர்பெட்டி இல்லாத வீட்டில், பெரிய மண்பானையில் ஈர மணல் பரப்பி, அதனுள் சிறு மண்கலத்தை அமர்த்தி, குப்பி நனையாதவாறு உறையிலிட்டு வைத்து, நிழலில் மூடி வைக்கலாம். பயன்பாட்டில் உள்ள குப்பியைப் பொதுவாக நான்கு வாரத்துக்கு மேல் வைத்திருத்தல் கூடாது. சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டியிலும் கூரை ஓரத்திலும் வைத்த இன்சுலின் வலுவிழக்கும்.

விரதமும் இரவு வேலையும்

ஆடி மாதத்தில் திருவேற்காட்டிலும் மாங்காட்டிலும் அம்மன் சந்நிதிக்குச் செல்வோர் பலர் செவ்வாயும் வெள்ளியும் விரதம் இருக்கின்றனர். ரமலான் மாதத்தில் இசுலாமியப் பெருமக்கள் பகல் முழுவதும் நோன்பு நோற்கின்றனர். வழிபாட்டை நாம் தடுக்கவில்லை. விரதம் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சென்று, விரதம் தமக்குத் தகுமா என்பதையும், அந்நாட்களில் மருந்தின் அளவும் நேரமும் எவ்வாறு மாற வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுமாறே வேண்டுகிறோம். இடையில் சர்க்கரை 70-க்குக் கீழ் இறங்கினாலும் 300-க்கு மேல் ஏறினாலும் விரதத்தை முடித்துக்கொள்ள வேண்டும். உடலைக் காப்பதும் வழிபாடே.

தொழிற்பேட்டையில் இரவு வேலை செய்பவர்களும் தங்கள் வேலை முறையை மருத்துவரிடம் மறைக்கலாகாது. “காலையில் ஒன்று, இரவில் ஒன்று” என்னும் சீட்டு, பகலில் உறங்கி நள்ளிரவில் உண்பவருக்குப் பொருந்தாது. அவருக்குக் காலை எது, இரவு எது என்பதைச் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலமும், தம் நோயையும் மருந்தையும் குறித்த சீட்டும் எப்போதும் இருக்கட்டும்.

ஊராட்சி செய்யத்தக்கவை

தனி மனிதர் கடமை இவ்வளவு. ஊரின் கடமை யாது?

சூணாம்பேடு வட்டாரம் இதற்கு ஒரு வழிகாட்டி. அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த அப்பகுதியின் 42 கிராமங்களில், சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷன் என்னும் நிறுவனம், செயற்கைக்கோள் தொடர்புள்ள ஊர்தி ஒன்றைக் கொண்டு வீடுதோறும் மக்களைச் சோதித்தது. ஊரிலேயே ஒரு மருத்துவ நிலையம் அமைத்துத் தொடர்ந்து சிகிச்சையும் அளித்தது. ஓராண்டில் நோயாளிகளின் எச்பிஏ1சி சராசரி 9.3-லிருந்து 8.5-ஆகக் குறைந்தது. சென்னை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவே. கவனிப்பு ஊரைத் தேடி வந்தால் பெரும்பாலோரை ஊரிலேயே காக்க முடியும் என்பது இதனால் விளங்குகிறது. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டமும், பெண் தன்னார்வலர்கள் வாயிலாக வீட்டுக்கே சென்று சோதித்து மருந்து சேர்க்கும் நோக்கில் எழுந்ததேயாகும்.

மருந்து வீடு வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. அதை உட்கொள்ளும் முறையும் வந்து சேர வேண்டும். இங்கேதான் ஊராட்சி உறுப்பினர்களின் துணை தேவைப்படுகிறது. அவர்கள் செய்யத்தக்கவை சில:

முதலாவதாக, ஊராட்சி வேலை நடக்கும் இடங்களிலும், நடவு, அறுவடைக் களங்களிலும் குடிநீருடன் ஒரு டப்பாச் சர்க்கரையும் குளுக்கோஸ் பொடியும் வைக்கலாம். செலவு அற்பம், பயனோ உயிர்.

இரண்டாவதாக, மருந்து உட்கொள்பவர்கள் உரிய நேரத்தில் உண்பதற்கு வேலை மேற்பார்வையாளர்கள் இடம் தர வேண்டும். அதைச் சோம்பல் என்று கருதலாகாது.

மூன்றாவதாக, கிராம சபை கூடும் நாளில் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரை அழைத்துத் தாழ்வின் அறிகுறிகளையும் முதலுதவியையும் செய்துகாட்டச் சொல்லலாம். பூவிருந்தவல்லியிலேயே சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி தரும் பொதுச் சுகாதார நிறுவனம் உள்ளது. இவ்வட்டாரத்தார் அதன் ஆலோசனையைக் கேட்கலாம். பான்டிங் பிறந்த நாளாகிய நவம்பர் 14 உலக நீரிழிவு நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று ஊரில் சோதனை முகாம் நடத்துவது பொருத்தமாகும்.

நான்காவதாக, தனியே வாழும் முதியோரில் இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் எவர் என்பதை அந்தந்தத் தெரு உறுப்பினர் அறிந்து, காலையில் ஒருமுறை, “சாப்பிட்டாயிற்றா?” என்று விசாரிக்க அயலாரை ஏற்பாடு செய்யலாம். நம் நாட்டில் ஒருவரையொருவர் கண்டவுடன் கேட்கும் முதற் கேள்வியே அதுதான். சர்க்கரை நோயாளியிடம் கேட்கும்போது அது வெறும் உபசாரமாக இராமல் ஒரு மருத்துவ உதவியாகவே ஆகிவிடும்.

ஏரிக்கு ஒரு கம்புகட்டி இருந்தால் போதும். உடலென்னும் ஏரிக்கோ நோயாளி, வீட்டார், மருத்துவர், ஊரார் ஆகிய நால்வரும் சேர்ந்தே காவல் புரிய வேண்டும். மருந்தை விடாமல் உட்கொள்வோம். மருந்துக்கேற்ற உணவை நேரத்தில் உண்போம். வரப்பில் ஒருவர் தள்ளாடக் கண்டால் ஒதுங்கிச் செல்லாமல் அருகே சென்று பார்ப்போம். இவ்வளவையும் ஒவ்வோர் ஊரும் மேற்கொள்ளுமானால், இந்நோயுடனும் நம் மக்கள் நெடுநாள் நலமாக வாழ்வர் என்பதில் ஐயமில்லை.